குறைந்துகொண்டே வந்த பிழைகள்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், வொனொகிரி நகரத்துப் பள்ளியில் ஜாவா மொழி சொல்லிக்கொடுக்கும் வுர்யானி டீச்சருக்குப் பிழை பிடிப்பதில் அலாதி ருசி. ஜாவா மொழியில் ஆளுக்குத் தக்கபடி சொல் மாறும். தோழனுக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று. ஒரு பையன் தன் பூனை மீன் தின்றதை ராஜ மரியாதையோடு எழுதிவைத்திருந்தான். சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தார். இப்படி அகப்பட்டதையெல்லாம் இருபது வருடமாக ஒரு நோட்டில் வகைபிரித்துச் சேர்த்துவந்தார்.

இந்த வருடம் நோட்டில் ஏற ஒன்றுமே சிக்கவில்லை. தலைமை ஆசிரியர் பாராட்டினார். டீச்சருக்கோ மண்டைக்குள் குடைந்தது. பழைய தாள்களை இறக்கிப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதிய வகுப்பு இன்று மூன்று வரியில் நிற்கிறது. இப்படியே போனால் இந்த மொழியில் எழுத ஆளே இருக்காது.

மறுநாள், வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கும் லிந்தாங்கை எழுப்பினார்.

"ஏம்மா மூணு வரியோட நிறுத்திட்ட?"

"நாலாவது வரியில தப்பு வந்துருமே, டீச்சர்!" வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"வீட்ல அப்பாகிட்ட ஜாவாலதான பேசுற?"

"ஐயையோ! ஒரு சொல் மாறிப்போனா தோலை உரிச்சிருவாரு. இந்தோனேசிய மொழின்னா இந்த வம்பே இல்ல."

மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். பாதி வகுப்பு வீட்டிலேயே ஜாவாவை விட்டிருந்தது.

டீச்சர் வீட்டுக்கு வந்தபோது மகள் ரத்ரி தெம்பே என்ற சோயா வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். வங்கியில் வேலை பார்ப்பவள். அவளும் அம்மாவிடம் ஜாவா பேசிப் பல வருடம் ஆகிறது. பட்டணத்து மோஸ்தர் என்று டீச்சர் விட்டிருந்தார். இன்று கேட்டேவிட்டார்.

"மாமா வீட்டுக் கல்யாணத்துல அத்தனை பேர் முன்னால என்னைத் திருத்தினியேம்மா. மறந்துட்டியா? அதுக்கப்புறம் வாயே வரல."

டீச்சருக்கு நிஜமாகவே நினைவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

"இப்ப பேசு கண்ணு. இன்னிக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?"

ரத்ரி அடுப்பைத் தணித்தாள். ஜாவாவில் ஆரம்பித்தாள். "மத்தியானம் நான் அமுது செய்தருளிட்டு வந்தேனா..."

டீச்சரின் நாக்கு துறுதுறுத்தது. மகள் பேச்சை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்தாள்.

"வந்து? அப்புறம் என்னாச்சு?" என்றார் டீச்சர்.