லேத்துக்கு வைத்த சந்தனம்

எங்கள் கணபதி ஏரியாவில் பம்ப்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கடைசல் பட்டறையில் நான் ஹெல்பர். கடைந்து வரும் சாமானில் பிசிறு தட்டுவது, எண்ணெய் துடைப்பது, கூட்டுவது. ஆண் ஹெல்பராக வந்தால் கொஞ்ச நாளில் ஆபரேட்டர் ஆகிவிடுவான், சம்பளம் இரட்டிப்பாகும். பெண் முடி நரைத்தாலும் ஹெல்பர்தான்.

மூலை லேத்தை ஓட்டிய அண்ணன் முதுகுவலி என்று நின்றபோது ஆர்டர் குவிந்து கிடந்தது. "அம்மணி, ஆள் கிடைக்கற வரைக்கும் நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார் முதலாளி. சித்திரையில் தொட்ட மிஷின் புரட்டாசி வரைக்கும் என் கையில்தான் ஓடியது. சம்பளம் மட்டும் பழைய சம்பளம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். ஆயுத பூஜையன்று எந்த மிஷினுக்கு யார் சூடம் காட்டுகிறாரோ, அவர்தான் அதற்கு ஆபரேட்டர். சம்பளமும் அன்றைக்கே பேசி முடிந்துவிடும். மகள் அப்போது பிளஸ் டூ. சரவணம்பட்டியில் காலேஜ் சேர வேண்டும் என்று அவளுக்கு உயிர். ஆபரேட்டர் சம்பளம் வந்ததும் சேர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பூஜைக்கு லேத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் கோலமும் போட்டேன். அதெல்லாம் எப்போதுமே பெண்கள் வேலைதான். முதலாளி சூடத்தட்டோடு என்னைத் தாண்டிப் போய், காரமடையிலிருந்து வந்திருந்த புது ஆளிடம் கொடுத்தார்.

"ஏனுங்க, இத்தனை நாளா நான்தானுங்களே ஓட்டறேன்?"

"ஆருங்க இல்லைன்னாங்க? அவருக்குப் பொண்டாட்டி புள்ளைக இருக்குதுங்கம்மணி. உங்களுக்கென்னங்க, ஊட்டுக்காரர் சம்பாரிக்கறாரு. அவருக்கு ஒரு மாசம் வேலை பழக்கி உட்டுப்போடுங்க."

எவ்வளவு மரியாதை, பாருங்கள். எங்கள் ஊரில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் வயிற்றில் அடிப்பார்கள். அவருக்குப் பெண்டாட்டி இருந்தால் சம்பளம் ஏறும், எனக்குப் புருஷன் இருந்தால் ஏறாது. இது எந்த ஊர் நியாயமோ. வாயைத் திறந்தால் பிசிறு தட்டும் வேலையும் போய்விடும். பழக்கிக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது மகள் அழவில்லை. "உடும்மா, எனக்குத் தெரியும்" என்றாள். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவளும் எங்கள் பட்டறையில் ஹெல்பர். மூலை லேத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு, முன்னால் உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சூடத்தட்டோடு வந்த முதலாளி நின்று பார்த்தார்.

"அப்படியே அம்மா கைங்க கண்ணு" என்றார்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். கோலப்பொடிக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.