ஒரு டக் என்றால் பன்

பதில் கொடுத்ததால் என் மகளுக்குப் பேச்சு தள்ளிப்போனதா, பதிலை நிறுத்தியதால் இருந்த சத்தமும் போனதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கவரைப்பேட்டைப் பக்கம், ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பின்னால் குடியிருக்கிறோம். தெருவில் பாதி வீடுகளில் வாடகைக்கு மாணவர்கள். எதிர்ப்புறத் தகரக் கொட்டகையில் மூன்று வெள்ளைக் குதிரைகள். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும். மற்ற நாட்களில் கொள்ளு தின்றபடி நிற்கும்.

மகளுக்கு மூன்று வயது. 'அம்மா' என்றுகூட இன்னும் சொல்லவில்லை. காதில் குறையில்லையாம். ஆனால் குதிரைக்காரர் நாக்கைத் தட்டிக் குதிரையைக் கூப்பிடும் 'டக்' சத்தத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். முதலில் குதிரை திரும்பிப் பார்த்தது, பிறகு தெருவே பார்த்தது. டீக்கடையில் ஒரு டக் என்றால் பன், இரண்டு என்றால் பால். மாணவர்கள் பைக்கில் போகும்போதே அவளுக்கு டக் வைப்பார்கள். "வைவா எக்ஸாம்ல கேள்வி கேட்டா எனக்கே வாய் தொறக்காதுக்கா, பாப்பா எவ்ளோவோ மேல்" என்றான் ஒருவன்.

திருவள்ளூரில் பேச்சுப் பயிற்சி தருகிறவர் சிரிக்கவில்லை. "தட்டினாலே எல்லாம் கிடைச்சா அவ எதுக்குப் பேசணும்?" என்றார். நியாயமாகப் பட்டது. யாரும் பதில் தட்ட வேண்டாம், தட்டினால் எதுவும் கொடுக்கவும் வேண்டாம் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன்.

"இன்னாம்மா இது, கொழந்த கூப்ட்டுகினே கீது, நான் கல்லு மாதிரி நிக்கணுமா?" என்றார் குதிரைக்காரர். ஆனாலும் நின்றார்.

சில வாரங்களில் அவள் தட்டுவதையே விட்டுவிட்டாள். வார்த்தையும் வரவில்லை.

போன முகூர்த்தத்தன்று குதிரைகளுக்கு ஜரிகைத் துணி போர்த்திக் கொண்டிருந்தார்கள். என் புடவையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். ஒரு குதிரை அவளைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

"ஒன்னே ஒன்னு நான் தட்டிக்கறேம்மா, ஊர்வலத்துக்குப் போற நாளு" என்றார் குதிரைக்காரர்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் குதிரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், அனுமதி கேட்பதுபோல. வாய் மூடியே இருந்தது. குதிரைகள் போய்விட்டன.

அடுத்த பயிற்சிக்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். பேச்சு தாமதமான பிள்ளைகளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள்: இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டுமா, இல்லை, நானே அவளுக்கு ஒரு டக் வைக்கட்டுமா?