ரிலீவர் வராத தலைவர்

சம்பளமில்லாத வேலையில் பதவிச் சண்டை வராது என்று நம்புகிறவர், இன்னும் எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் கம்ப்யூட்டர் கிளப்பில் சேராதவராகத்தான் இருப்பார். ஏதோ ஒரு சங்கத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக தொண்டர்களே, உங்களுக்காகத்தான் இது.

ஒரே அட்மின்

பழைய கம்ப்யூட்டர்களைத் தட்டிக்கொட்டி ஓடவைத்து, கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. தலைவர் சபாபதி சார், சுரங்கத்தில் ரிட்டையர் ஆனவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவர்தான் தலைவர். விமலா அக்கா அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பே அவரால்தான் ஓடுகிறது. ஆனால் ஓட்டு பெர்மனென்ட் ஊழியர்களின் குடும்பங்களுக்கு மட்டும்தான் என்பது விதி.

ஒருநாள் அக்கா வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேவிட்டார்: "கிளாஸ் எடுத்துக்கினு இருக்கறப்ப நான் உங்க ஆளு, ஓட்டுன்னா மட்டும் கான்ட்ராக்டா? விதிய மாத்துங்க. இல்லன்னா இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன்."

குரூப் பற்றி எரிந்தது! ஒரே அட்மினான சார் கோபத்தில் எதிர்த்தவர்களை நீக்கினார். நீக்குகிற வேகத்தில் ஆதரித்தவர்களையும் விடவில்லை. மறுநாள் காலை கிளப்புக்கு வந்து என்னிடம் போனை நீட்டினார்: "தம்பி, காலை வணக்கம் போட்டேன், ஒருத்தரும் பதில் போடல. நெட்டு வேலை செய்யுதா பாரு."

ஓட்டுக்கு எந்த ஷிப்ட்?

விதியை மாற்றலாமா என்று ஓட்டெடுக்க சார் ஒருவழியாக இறங்கிவந்தார். ஆனால் வேலைநாளில், காலை பத்து மணிக்குக் கூட்டமாம்! முதல் ஷிப்ட்காரர் சுரங்கத்தில் இருப்பார், நைட் ஷிப்ட்காரர் தூக்கத்தில் இருப்பார். பெட்டியை நாள் முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னோம். "வழக்கமில்லை" என்றார் சார். கம்ப்யூட்டர் கற்க வந்திருந்த சுரங்க மெஷின் ஆபரேட்டர் முருகேசன் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்: "மூணு ஷிப்டும் ஓடுனாத்தானே சார் கரண்ட்டு வருது, ஓட்டு மட்டும் ஜெனரல் ஷிப்டா?"

சாவி

மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிதான் ஓட்டுப்பெட்டி; கடைசியில் சார் சம்மதித்து, மூன்று ஷிப்டுக்கும் திறந்திருந்தது. சீட்டுகளைப் படிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. "மாற்றலாம்... மாற்றலாம்..." என்று படிக்கப் படிக்கக் குரல் தானாக ஏறியது, கடைசிச் சீட்டுக்குக் கத்தியேவிட்டேன். அக்காவுக்கு ஓட்டு வந்துவிட்டது! தலைவர் பதவி இனி ஓராண்டுதான் என்ற இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது.

"சரி, அடுத்த தலைவர் யாரு?" என்றார் சார். அவ்வளவுதான். அதுவரை கூச்சல் போட்டவர்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

சார் இடுப்பிலிருந்து கிளப் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வராம எவனாவது மெஷின விட்டு எறங்குவானா? நானும் இத்தனை வருஷமா வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் வரலியே."

விமலா அக்கா எழுந்துபோய்ச் சாவியை எடுத்தார். "நான் வந்துட்டேன் சார். நீங்க எறங்குங்க."

இப்போது குரூப்பில் ஷிப்டுக்கு ஒருவராக மூன்று அட்மின்கள். அதனால் சண்டையும் மூன்று ஷிப்டிலும் தடங்கலில்லாமல் ஓடுகிறது.