அண்ணை உள்ளுக்கை வந்த ஞாயிற்றுக்கிழமை

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொம்பியூட்டர் கத்தத் தொடங்கியது. திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பெண்ணின் குரல் இங்கிலீசில் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கீழே பெரிதாக ஒரு தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு எடுத்திருந்தால் என்னை ஏமாற்றியிருப்பார்கள் என்று பிறகு அண்ணை சொன்னார். நான் எடுக்கவில்லை. அது புத்தியால் அல்ல. முன்பின் தெரியாத ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். மீன்காரரிடம்கூட விரலால் காட்டித்தான் மீன் வாங்குகிறவள் நான்.

தலையணையை எடுத்து அதன்மேல் வைத்தேன். தலையணைக்குக் கீழே இருந்தும் அந்தப் பிள்ளை கதைத்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகிறது என்று வெட்கமாக இருந்தது. பிறகுதான் மூடியை மூடினால் என்ன என்று தோன்றியது. மூடினேன். சத்தம் நின்றது. ஞாயிறு வரைக்கும் அதைத் திறக்கவில்லை.

நான் குருநகரில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, ஐயா கட்டிய வீட்டில் தனிய இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். எனக்கு மேலே ஒரே ஒரு அண்ணை. வாலிபத்தில் ஜேர்மனிக்குப் போனவர். ஒவ்வொரு ஞாயிறும் நான் பூசை கண்டு வந்து தேத்தண்ணி குடித்து முடிய எடுப்பார். போனில் அவருடைய முகம் பெருவிரல் நகத்தளவுதான் தெரியும். என் கண்ணுக்கு அது காணாது. அதனால் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொம்பியூட்டரும் மவுசும் கொடுத்துவிட்டார். வந்தவரே எல்லாம் ஆயத்தம் செய்து, எதை அமத்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அண்ணையின் முகம் சாப்பாட்டுக் கோப்பையளவு தெரிந்தது. நான்தான் கமராவுக்கு நேரே இருக்க மாட்டேன். கொஞ்சம் பக்கமாகத்தான் இருப்பேன். "என்ன பிள்ளை, உன்ரை காது மட்டும்தான் தெரியுது" என்பார்.

அண்ணி மோசம்போய், அடக்கம் பண்ணி இரண்டு வருசம். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒருநாள் சொன்னார், "நான் அங்கை வந்திடப்போறன் பிள்ளை. எங்கடை கோயில் திருநாளுக்கு முதல் வாறன். வந்தால் இனித் திரும்பிப் போறேல்லை."

சந்தோசமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போகும்போதும் 'வாறன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போனவர். இத்தனை வருசமும் அந்தச் சொல்லைக் கேட்ட காது. ஆனால் இந்த முறை வருவாரோ, வரமாட்டாரோ என்பது ஒன்றுதான் அந்த வருசம் எனக்கு இருந்த விசயம். வேறொன்றும் இருக்கவில்லை. முன்னறையை வெள்ளை அடிப்பித்தேன். மேசனாரைக் கூப்பிட்டுக் கக்கூசில் கொமட் பூட்டுவித்தேன்.

"உங்களுக்கு ஏன் அக்கா கொமட்?" என்று மேசனார் கேட்டார். "நீங்கள் இன்னும் நிலத்திலை குந்தியிருந்து மீன் வெட்டுற ஆள்."

"அண்ணைக்கு."

"அதுசரி. வெளிநாட்டுக்குப் போன கால் மடங்காது. வாய் மட்டும் நல்லா நீளும்" என்றார்.

யேசு பிறந்த நத்தாருக்குப் பிறகு அண்ணை முகத்தைக் காட்டவில்லை. கமரா பழுது என்றார். திரையில் கறுப்பாக ஒரு சதுரம், அதற்குள்ளிருந்து அவருடைய குரல். நான் ஒன்றும் கேட்கவில்லை. கறுப்புச் சதுரத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு உண்மையில் சுகமாக இருந்தது, நேரே இருந்தே கதைத்தேன்.

இனி அந்த ஞாயிறு. அவர் போனில் எடுத்தபோது சிவப்புத் திரையைப் பற்றிச் சொன்னேன்.

"நீ ஒண்டையும் அமத்தாதை. நான் உள்ளுக்கை வாறன்" என்றார்.

"எங்கை?"

"கொம்பியூட்டருக்கை. அரை மணித்தியாலத்திலை திருப்பி எடுக்கிறன்."

அந்த அரை மணித்தியாலத்தில் முன்னறையைக் கூட்டினேன். கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்து அலுமாரிக்குள் அடைத்தேன். சட்டையை மாற்றிச் சீலை உடுத்தினேன்.

"ஏன் பிள்ளை மூச்சு வாங்குது?" என்று திருப்பி எடுத்த உடனே கேட்டார்.

"கூட்டினனான்."

"இப்ப ஏன் கூட்டினனி?"

"நீங்கள் உள்ளுக்கை வாறன் எண்டியள்."

அவர் நெடுநேரம் சிரித்தார். "எனக்கு வீடு தெரியாது பிள்ளை. உந்தத் திரை மட்டும்தான் தெரியும்." சீலை உடுத்ததை நான் சொல்லவில்லை.

முதலில் கொம்பியூட்டரை நிற்பாட்டித் திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன். சிவப்பு வரமுதல், கொண்டுவந்தவர் போட்டுவிட்ட உந்த நீலப் பெட்டியை இரண்டு தரம் அமத்து என்றார். அமத்தினேன். அதற்குள் ஒன்பது இலக்கம் இருந்தது. வாசித்தேன்.

"மெல்லச் சொல்லு. வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரிச் சொல்லுறாய்."

திருப்பி மெல்ல வாசித்தேன்.

"இப்ப உதிலை பச்சையாய் ஒண்டு வரும். உதை அமத்து. அமத்திப்போட்டுக் கையை எடு."

அமத்தினேன். கையை எடுத்து மடியில் வைத்தேன்.

திரையில் இருந்த அம்பு தானாக அசைந்தது.

"இது நான்தான். பயப்பிடாதை" என்றார். "இஞ்சை பார், இதைத் திறக்கிறன். இதுக்குள்ளைதான் அந்தச் சனியன் இருக்கு."

அதுவரைக்கும் என் பக்கத்தில் இருக்கிறதை 'உது, உது' என்று சொன்னவர் இப்போது 'இது' என்றார். என் மேசையில் இருக்கிற திரை அவருக்கு இது ஆகிவிட்டது. ஆள் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறமாதிரித்தான் இருந்தது. நான் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

பிறகுதான் அம்பைக் கவனித்தேன்.

மூலையில், மூடுகிறதுக்குப் பெருக்கல் அடையாளம்மாதிரி ஒரு சின்னக் குறுக்குக்கோடு. அதில் போய் நிற்க வேண்டும். அம்பு அதைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. கிட்ட வந்து நின்று உதறியது. ஒரு பக்கத்துக்குப் போய், மற்றப் பக்கத்துக்குப் போய், பிறகு வேறெங்கோ அமத்துப்பட்டு, தேவையில்லாத ஒரு பெட்டி திறந்தது.

"லைன் சரியில்லை" என்றார் அண்ணை. "உங்கை சிக்னல் குறைவோ?"

"ஓம் அண்ணை. இங்கை மழை இருட்டு" என்றேன்.

வெளியில் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. அவருடைய குரல் ஒரு சொல்லும் விடுபடாமல் தெளிவாகக் கேட்டது. அவர் கதைக்கும்போது மவுசை விட்டுவிடுவார் போல. அப்போது அம்பு ஆணி அடித்தமாதிரி நிற்கும். திருப்பித் தொட்டதும் நடுங்கும். லைனில் பிழை என்றால் எந்நேரமும் அல்லவா நடுங்க வேண்டும்.

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். ஐயாவுக்கும் வலக்கையில்தான் தொடங்கியது. முதலில் தேத்தண்ணி சிந்தும். பிறகு சேட்டுப் பொத்தான் போட ஏலாது. ஆட்கள் வந்தால் கையைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொள்வார். இரண்டாம் வருசம் கிணற்றடியில் விழுந்தார், பிறகு எழும்பவில்லை. அந்த நேரம் அண்ணைக்கு நான்தான் கடிதம் எழுதினேன். 'ஐயாவின் வலக்கை நடுங்குகிறது.' அண்ணை விற்றமின் குளிசை அனுப்பினார். ஐயாவின் செத்தவீட்டுக்கு அவரால் வரமுடியவில்லை.

கமரா ஏன் பழுதானது என்று அப்போது விளங்கியது. என்னுடைய கொம்பியூட்டரை அங்கே இருந்து திருத்துகிறவருக்குத் தன்னுடைய கமராவைத் திருத்தத் தெரியாதா.

எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சு இடிக்கும், கண் கலங்கும் என்று கொஞ்சநேரம் பார்த்தேன். வரவில்லை. அம்பு குறுக்குக்கோட்டைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நாலாம் தரமும் தவறியது. ஐந்தாம் தரமும்.

நான் மவுசில் கையை வைத்தேன். அம்பு இரண்டு கையிலும் இழுபட்டது.

"பிள்ளை, கையை எடு எண்டனான்."

"அண்ணை, எதெண்டு சொல்லுங்கோ. நான் அமத்துறன்."

அம்பு என் கைக்கு வந்தது. இழுப்பு இல்லை. அசையாமல் நின்றது.

"உந்தக் குறுக்குக்கோடு போட்டது" என்றார்.

அமத்தினேன்.

"இனி உதுக்குக் கீழை, மூண்டாவது."

அமத்தினேன். மறுபடியும் 'உது' என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு ஒருதரமும் 'இது' என்று சொல்லவில்லை. நானும் அவர் சொன்னதெல்லாம் அமத்தினேன். இங்கிலீசு எழுத்து வந்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கடைசியில், "சரி, போயிட்டுது. இனிக் கத்தாது" என்றார்.

"ஓம்."

"நல்லா அமத்துறாய் பிள்ளை. பழகியிட்டாய்."

"ஓம்."

பிறகு அவர், "திருநாளுக்கு வாறது... பாப்பம் பிள்ளை. முழங்கால் கொஞ்சம் கரைச்சல் குடுக்குது. டொக்டர் பொறுக்கச் சொல்லுறார்" என்றார்.

"ஓம் அண்ணை."

"கோவமோ?"

"இல்லை."

உண்மையாகவே கோபம் இல்லை. வேறெதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுச் சீலையை மாற்றினேன். அலுமாரிக்குள் அடைத்த உடுப்புகளை எடுத்து மடித்தேன். அன்றைக்குச் சமைக்கவில்லை. முதல்நாள் பாணில் மிச்சம் இருந்தது, அதைத் தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிட்டேன். முன்னறைச் சுவரில் புதுச் சுண்ணாம்பு மணம் இன்னும் போகாமல் இருந்தது. அந்த அறைக் கதவைச் சாத்தினேன். கொஞ்சநேரம் கழித்துத் திறந்துவிட்டேன். ஏன் என்று தெரியாது.

இரண்டு நாள் அப்படியே போனது. முழங்கால் என்றவரிடம், கைதானே என்று எப்படிக் கேட்பது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லை. ஐயாவிடமும் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கோப்பையை முக்கால்வாசி மட்டும் நிறைத்துக் கொடுத்தோம். அவ்வளவுதான்.

புதன்கிழமை மேசனார் பின்பக்கத்து ஒழுங்கையில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு, நானே போய்க் கூப்பிட்டேன். நான் தேடிப்போனதைப் பார்த்து அவரே எழும்பிவிட்டார்.

"என்னக்கா, கொமட் ஒழுகுதோ?"

"இல்லை. பக்கத்துச் சுவரிலை ஒரு கம்பி பூட்ட வேணும். பிடிச்சு எழும்ப."

"பூட்டலாம். ஆருக்கு? உங்களுக்கோ?"

"அண்ணைக்கு."

"இன்னும் வராத மனிசனுக்குக் கொமட்டும் ஆச்சு, கம்பியும் ஆச்சு. இனி ஆளைத்தான் பூட்ட வேணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகிடியை நிற்பாட்டினார். "கறள் பிடிக்காத கம்பியாய்ப் போடுவம் அக்கா. உப்புக் காத்து."

அன்றைக்கே வந்து பூட்டினார். அவர் போன பிறகு நான் இரண்டு கையாலும் அதில் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணை எடுத்தார். கறுப்புச் சதுரம் வந்தது. சிவப்புத் திரை பிறகும் வந்ததோ என்று கேட்டார். வரவில்லை என்றேன். மழை பெய்ததோ என்று கேட்டார். இல்லை என்றேன்.

சொல்ல வேண்டியதை நான் காலையில் இருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசையிலும் அதுதான். சொல்லும்போது கறுப்புச் சதுரத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

"அண்ணை, கொமட்டுக்குப் பக்கத்திலை, சுவரிலை, பிடிக்கிறதுக்கு ஒரு கம்பி பூட்டியிருக்கு."

அவருடைய பக்கத்தில் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவர் எழும்பிப் போகவில்லை. அது கொதித்துத் தானாகவே நின்றது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வலக்கைப் பக்கம்."

மேசை விரிப்பில் ஒரு நூல் இழுபட்டிருந்தது. நான் அதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"நான் வர முதல் இடக்கைப் பக்கமும் ஒண்டு பூட்டுவி பிள்ளை."

"ஓம்" என்றேன். "மேசனார் பின் ஒழுங்கையிலைதான் நிக்கிறார். நாளைக்கே சொல்லுறன்."

"திருநாளுக்கு முதல் ஏலாது. பிறகு வாறன்."

"ஓம்."

பிறகு என்ன மீன் வாங்கினாய் என்று கேட்டார். விளைமீன் என்றேன்.