இந்த வார வீட்டுத் தலைவி

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்து, தலைமைத்துவத்தை வீட்டிலிருந்தே பழக்குங்கள் என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்து, வாரத்துக்கு ஒரு பிள்ளை வீட்டுத் தலைவர் என்று அறிவித்தேன். கோழிகளை அடைப்பது, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, மாடு புகாமல் கேற்றைச் சாத்துவது எல்லாம் தலைவரின் பொறுப்பு. "தலைவர் எண்டா முதல்ல வேலை செய்யிறவர். மத்தவங்களை ஏவுறவர் இல்ல" என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

எட்டு வயது மகன் தன் வாரத்தில் எல்லாவற்றையும் தானே செய்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் ஆறு வயது மகளுடையது. அவள் செய்த முதல் வேலை, என் கதிரையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததுதான்.

"அண்ணா, கோழியை அடை. அப்பா, நீங்க தண்ணி ஊத்துங்க."

அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? செங்கலடியில் நாங்கள் இருக்கும் இந்த வீடு என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. நாளைக்கு மகளுக்குப் போகும். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். வாகரையில் நான் பிறந்த வீடும் தங்கைக்கே போனது, அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் அதைத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடமா சொல்வது? வருகிறவர்கள் எல்லாரும் அவள் கன்னத்தைக் கிள்ளி, "எங்க வீட்டுக்காரி? உள்ள வரலாமா?" என்று கேட்டுக் கேட்டே ஏற்றிவிட்டார்கள். பக்கத்து வளவில் இருக்கும் மனைவியின் அக்காதான் இதில் முதல் ஆள். "சும்மா பகிடிதானே மச்சான்" என்பார். பகிடியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிறு மத்தியானம் அந்தப் பகிடி முற்றிப்போனது. தான் சோறு சாப்பிட்ட கோப்பையைக் கழுவித் தரச் சொல்லி அண்ணனை ஏவினாள் மகள். அவன் மாட்டேன் என்றான்.

"அப்ப என்ட வீட்டை விட்டுப் போ!"

அவன் போயேவிட்டான். நான் பின்வளவிலிருந்து ஓடி வருவதற்குள், புத்தகப் பையோடு கேற்றுக்கு வெளியே கொதிக்கும் வெயிலில் குந்தியிருந்தான். நானும் தெருவுக்கு இறங்கினேன்.

"உள்ள வா மனே."

"அது தங்கச்சிட வீடுதானே. என்ட வீடு எது அப்பா?"

வேலிக்கு மேலால் மனைவியின் அக்கா சிரித்தார். "உனக்கென்னடா, உனக்கும் ஒரு வீட்டுக்காரி வருவா."

"அவவும் கோவம் வந்தா வெளிய போகச் சொல்லுவாவா பெரியம்மா?"

சிரிப்பு நின்றது. "கேட்டீங்களா உங்கட பகிடியை?" என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் மகனின் பக்கம் குனிந்தேன். "இது எங்கட எல்லார்ட வீடும்தான்" என்றேன். அவன் நம்பவில்லை, குச்சியால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே மனைவி மகளை ஏசுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகள் மூக்கை உறிஞ்சியபடி, கழுவிய கோப்பையோடு வந்து கேற்றைத் திறந்தாள். போன வருசம் நான் வாங்கிப் போட்டு, நானே பெயின்ற் அடித்த கேற்.

"அண்ணா, நானே கழுவிட்டன். வா."

அவன் எழும்பிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அப்பாடா என்று நானும் ஒரு காலை எடுத்து வைத்தேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்களும் வரலாம் அப்பா."