ஒண்ணுக்குப் போனியா என்று கேட்டவர்

போன வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ரேவதி போன் செய்தாள். "யக்கா, அஞ்சலையக்கா போய்டுச்சிக்கா. கடலக் கொல்லையிலயே வியுந்துடுச்சாம்" என்றாள். எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. "தண்ணி குடிச்சாங்களாடீ?" என்று கத்தினேன்.

மானாம்பதி ஏரியில் நூறு நாள் வேலைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டியா என்று கேட்கமாட்டார். "ஒண்ணுக்குப் போனியாடீ?" என்பார், அதுவும் ஆம்பிளைகள் காதில் விழும்படி. வருகைப் பதிவும் போட்டோவும் எடுக்கிற பொறுப்பிலிருந்த எனக்கு மானம் போகும். "சும்மா இரேன்க்கா" என்று பல்லைக் கடிப்பேன். "போறதுக்கு எடம் இருந்தாதான தண்ணி குடிப்பாளுங்க? நீ குடிச்சியா மொதல்ல?" என்று ஒருநாள் மடக்கினார். நான் குடித்திருக்கவில்லை. முள்ளையெல்லாம் வெட்டி எடுத்துவிட்ட ஏரியில் ஒதுங்க ஒரு புதர் கிடையாது. மதியம் வரை எந்தப் பெண்ணும் வாய் நனைக்கமாட்டாள். மறுநாளே அக்கா நாலு கழி நட்டு, தன் பழைய பச்சைப் புடவையைச் சுற்றிக் கட்டி ஒரு மறைப்பு செய்தார்.

போன வருடம் சித்திரையில் ஒருநாள் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல். போட்டோவில் அசிங்கமாக விழும், புடவையை அவிழுங்கள் என்றேன். நான்தான் சொன்னேன். அக்கா முறைத்துக்கொண்டே அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தார். அன்று பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. அதிகாரியும் வரவில்லை.

அன்று பதினொன்றரை மணி இருக்கும். ரேவதி மண்கூடையை இறக்கிவிட்டு என்னிடம் வந்து, "வேர்வ அடங்கிடுச்சிக்கா, இப்ப தேவல" என்றாள். வேர்வை அடங்கினால் உடம்பு வெயிலுக்குப் பழகிவிட்டது என்றுதான் இங்கே எல்லோரும் நினைப்போம். "அப்ப இன்னும் நாலு கூடை போடு" என்றேன், பாவி. அக்கா காதில் அது விழுந்ததும் ஓடிவந்து ரேவதியின் முதுகில் கை வைத்தார். "அய்யய்யோ, அடங்கக் கூடாதுடீ! ஒடம்பு கொதிக்குதே!" ரேவதியோ பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று உளற ஆரம்பித்தாள். ஒருத்தி அவள் வாயில் தண்ணீர் ஊற்றப் போனாள். "வாயில ஊத்தாத, பொரையேறிடும்! மேல ஊத்து!" என்று அக்கா தட்டிவிட்டார். நிழலுக்குத் தூக்கிப் போய், பச்சைப் புடவையை நனைத்து அவளைச் சுற்றினோம். கிடைத்த துண்டாலெல்லாம் விசிறினோம். ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிப் போன பிறகுதான் அக்கா தன் வீட்டுக்காரர் இறந்த கதையைச் சொன்னார். "எங்கூட்டுக்காரரும் செங்கல் சூளையில இதேதான் சொன்னாரு. வேர்வ அடங்கிடுச்சி, செத்த படுக்கறேன்னாரு. நானும் சரின்னு உட்டுட்டேன்."

ரேவதி பிழைத்தாள். ஆனால் வெயில் ஏறினாலே அவளுக்கு மார் படபடத்தது. ராத்திரியெல்லாம் தகரக்கூரை வீட்டின் புழுக்கத்தில் தூக்கம் இல்லை. யார் பேசினாலும் எரிந்து விழுந்தாள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று தாயத்து கட்டினார்கள். அக்கா தினமும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். "காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. சாவப் பாத்துட்டு வந்தவ பயப்படாம இன்னா பண்ணுவா? தாயத்து இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்கு வா" என்று அவர்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

இந்த மாதம் ஏரி வேலை இல்லை. ஐயங்கார்குளம் பக்கம் கடலை பிடுங்க வேனில் போனவர்களோடு அக்காவும் போனார். முன்பின் தெரியாத ஆட்கள், ஆணும் பெண்ணுமாக. சுற்றிலும் வெட்டவெளி. எங்கள் எல்லோரையும் கேட்டவரை அங்கே யார் கேட்டிருப்பார்கள்? துக்கத்துக்குப் போனபோது, கொல்லையிலிருந்து கொண்டுவந்து போட்ட அவருடைய பை வீட்டு மூலையில் கிடந்தது. உள்ளே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். கழுத்து வரை அப்படியே இருந்தது.

பச்சைப் புடவையை அவர் மகளிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஏரி வேலை திரும்பத் தொடங்கும் அன்று, வருகைப் பதிவைத் திறப்பதற்கு முன்னால் நாலு கழி நட்டு அதைச் சுற்றிக் கட்டுவேன். எந்த அதிகாரி வந்தாலும் அவிழ்க்கமாட்டேன். பிறகு ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆம்பிளைகள் காதில் விழும்படி, அக்கா கேட்டதையே கேட்பேன். கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கடீ.