மரத்தளத்தில் குர்டை காய்ந்த மே மாதம்

"மேல்மாடியில் உள்ள மரத்தளத்தைச் சுத்தம் செய்து சீல் செய்யும் வேலை தங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. மழை தொடங்குமுன் வேலை முடிய வேண்டும். திருப்தி இல்லையெனில் தளத்தை அகற்றி டைல்ஸ் பதிக்க சொஸைட்டிக்கு உரிமை உண்டு."

மராட்டி பேசும் இந்த நகரத்தின் ஔந்த் பகுதியில் உள்ள ஒரு ஹவுஸிங் சொஸைட்டியின் செக்ரட்டரி 2002 மார்ச் மாதம் எனக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தின் சாரம் இது. கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மரத்தளம் சுத்தம் செய்யும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம், சோப்பு, ஆசிட், சீலர் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த மே மாதத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பாலத்துப் பலகையிலிருந்து

தாபோடியில் ஒரு ராணுவப் பணிமனையில் நான் சார்ஜ்மேனாக, அதாவது மேற்பார்வையாளனாக, இருந்தேன். பயிற்சிக்காகப் போட்டுப் பிரிக்கும் பாலங்களின் சாமான்கள் எங்கள் பொறுப்பு. பாலத்தின் மேல்பலகைக்கு அங்கே 'டெக்' என்றுதான் பெயர். வண்டிகள் ஏறி இறங்கிய பலகைகளைக் கழுவி, காயவைத்து, லின்சீட் ஆயில் கொடுத்து அடுக்கி வைப்போம். ஆற்றில் நனைந்த மரம் எப்போது உள்ளே காய்கிறது, எப்போது காய்ந்ததுபோல் ஏமாற்றுகிறது என்பதையெல்லாம் அங்கே கற்றுக்கொண்டேன்.

2001-இல் என்னை ஜபல்பூருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு வந்தது. மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். எங்கள் பெயிண்ட் பிரிவில் இருந்த கதமும் எழுதிக் கொடுத்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவன், சாதாராக்காரன். பிரஷ் பிடித்தால் அவனுக்கு இணையாகப் பணிமனையில் ஆள் கிடையாது. வேலையை விட்ட பிறகும் என்னை அவன் 'சார்ஜ்மேன் சாஹேப்' என்றுதான் கூப்பிட்டான். அதில் மரியாதையைவிடக் கிண்டல்தான் கூடுதல்.

அப்போது பானேர், ஔந்த், கராடி பக்கமெல்லாம் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அமெரிக்கா போய்த் திரும்பியவர்கள் பங்களாவின் பின்புறம் மரத்தளம் போட்டார்கள். ஒரே மழைக்காலத்தில் அது கறுத்துப் போனது. சுத்தம் செய்ய ஆள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் விசிட்டிங் கார்டு அடித்தோம். 'டெக் கிளீனிங்' என்று அதில் போட்டிருந்ததைப் பார்த்து முதலில் போன் செய்தவர்களில் பாதிப் பேர் அதை டேப் டெக் என்று எண்ணி டேப் ரிக்கார்டர் ரிப்பேருக்காகக் கூப்பிட்டவர்கள். என் மனைவிக்கு ஊர் திருநெல்வேலி; அவள் பேச்சில் இன்னும் தாமிரபரணி ஓடுகிறது. இரண்டாவது டேப் ரிக்கார்டர் அழைப்பு வந்த அன்று, "இதுக்கா சர்க்கார் வேலைய விட்டிய?" என்று கேட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டாள்.

சின்னச் சின்ன வேலைகள் கிடைத்தன. ஒரு ஊஞ்சல் பலகை, ஒரு வராந்தா. ஒரு வருஷத்தை அப்படியே ஓட்டினோம். கதமுக்கு ஊருக்கு வெளியே சாகனில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். ஔந்த் சொஸைட்டி வேலை நன்றாக முடிந்தால் வருஷாவருஷம் பராமரிப்பு கான்ட்ராக்ட் தருவதாகச் செக்ரட்டரி சொன்னார். அது கிடைத்தால் கதம் இருப்பான். இல்லையென்றால் போய்விடுவான். அவன் இல்லாமல் இந்தத் தொழில் எனக்கு நடக்காது. இதை நாங்கள் இருவரும் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை.

வெயிலுக்குப் போட்டி

மாடியில் ஏறிப் பார்த்தேன். நல்ல பழந்தேக்கு. நகரத்துக்குள் இடிக்கப்பட்ட ஏதோ ஒரு வாடாவின், அதாவது முற்றம் வைத்த பழைய பெரிய வீட்டின், உத்தரங்களை டிம்பர் மார்க்கெட்டில் வாங்கி அறுத்துப் பலகையாகப் போட்டிருந்தார் பில்டர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியெல்லாம் தூசியும் மாவும் அடைத்து, தண்ணீர் வடியாமல் நின்று, மரம் கறுத்திருந்தது.

மாவு எங்கிருந்து வந்தது என்பது ஏப்ரல் நடுவில் தெரிந்தது. ஹாக்ஸா பிளேடால் இடுக்குகளைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் கொடுத்துக் கழுவிவிட்டோம். தேக்கின் தேன் நிறம் திரும்பி வந்தது. ஒரு வாரம் நல்ல வெயிலில் காயட்டும் என்று விட்டுவிட்டு வந்து பார்த்தால், தளம் முழுக்கப் பழைய வேட்டிகளும் புடவைகளும் விரித்து, மேலே வெள்ளை வெள்ளையாகக் குர்டை. கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்துக் கிண்டி, நம் ஊரில் வடாம் பிழிவதுபோல் பிழிவது. இந்த ஊர்ப் பெண்கள் கோடையில் அதையும் அப்பளத்தையும் வருஷத்துக்கும் சேர்த்துக் காயவைத்துவிடுவார்கள். வாளவண் என்று அதற்குப் பெயர். என் தொழிலுக்கு எந்த வெயில் வேண்டுமோ, அதே வெயில்தான் அவர்களுக்கும் வேண்டும்.

வாளவணுக்குத் தலைமை குமுத் காகு. காகு என்றால் இங்கே சித்தி. இரண்டாம் மாடிக்காரர், அறுபது வயதிருக்கும். பலகை மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குர்டை பிழியும் அச்சைத் திருகிக்கொண்டிருந்தார். மரம் காய வேண்டும், தண்ணீர் இறங்காமல் காக்கும் சீலர் அடிக்க வேண்டும், மே கடைசி வரை மாடியை விட்டுக்கொடுங்கள் என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் சொன்னேன். அவர் அச்சை நிறுத்தவில்லை.

"அண்ணா, சூரியன் உங்க சொஸைட்டி கான்ட்ராக்ட்ல வருதா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கதம் எல்லோருக்கும் முந்திச் சிரித்தான்.

அங்கே தமிழ்ப் பெண் ஒருத்தியும் இருந்தாள். கோமதி, கோயம்புத்தூர்க்காரி. கணவன் கராடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஒரு ஓரத்தில் மிளகாயும் ஜவ்வரிசி வடாமும் காயப்போட்டிருந்தாள். படிக்கட்டில் என்னை நிறுத்தி மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்ண்ணா, நாங்க காயப் போடறதுனாலதான் பலகை கெட்டுப்போச்சுங்களா?"

அதே கேள்வியைச் செக்ரட்டரியும் வேறு தொனியில் கேட்டிருந்தார். பெண்டுகள்தான் காரணம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மாடிக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்கு அது வசதிதான். ஆனால் கறுப்புக்குக் காரணம் மாவு மட்டுமல்ல. வருஷத்துக்கு ஒருமுறை இடுக்கைச் சுத்தம் செய்யாததுதான். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

கோமதி நடுவில் நின்று பேசியதில் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. தளத்தை மூன்று பட்டையாகப் பிரித்துக்கொள்வது. ஒரு பட்டையில் நாங்கள் வேலை செய்யும்போது மற்ற இரண்டில் அவர்கள். சீலர் அடித்த பட்டை முழுதும் இறுகி வாசனை போன பிறகு அவர்களுக்கு விடுவது. வாசனை விஷயத்தில் குமுத் காகு கறாராக இருந்தார். மருமகன் தீபாவளிக்கு வரும்போது குர்டையில் பெயிண்ட் வாடை அடித்தால் உங்களையே கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொல்வேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை நானும் வைத்தேன். பட்டை பலகையின் நீளவாக்கில்தான் போக வேண்டும். குறுக்கே பிரித்தால் இன்று அடித்த இடத்துக்கும் நாளை அடித்த இடத்துக்கும் நடுவே கோடு விழுந்துவிடும். ஒரு பலகையைத் தொட்டால் முனையிலிருந்து முனை வரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் மாற்றமே இல்லாத விதி இது.

அன்று முதல் குமுத் காகுவின் வேட்டிகள் நீளவாக்கில் விரிந்தன.

வளிவு மழை

முதல் பட்டையும் இரண்டாவதும் நினைத்ததைவிட நன்றாக வந்தன. தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருண்டது. காலையில் நாங்கள் போகும்போது யாராவது ஒரு வீட்டிலிருந்து சாய் வந்துவிடும். கதமும் காகுவும் ஓயாமல் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவன் பிரஷ் இழுப்பதைப் பார்த்து, இவ்வளவு பொறுமையாகத் தோசை ஊற்றினால் கடை நடத்தலாமே என்பார் அவர். அந்த மே மாதத்தில் நான் சிரித்த அளவுக்குப் பணிமனையில் இருபது வருஷத்தில் சிரித்திருக்க மாட்டேன்.

மூன்றாவது பட்டைக்குக் கடைசிக் கை சீலர் அடித்தது மே இருபத்து நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை. மற்ற இரண்டு பட்டைகளிலும் அந்த வருஷத்தின் கடைசிக் குர்டை. ஆறு வீட்டுக் குர்டை என்றார்கள். பாதி காய்ந்த பதம். அந்த நிலையில் வேட்டியோடு சுருட்டினால் நொறுங்கிக் கூழாகிவிடும்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு மேல் பாஷாண் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்காலத்துக்கு முன் இடியோடு வரும் இந்த மழையை இங்கே வளிவு என்பார்கள். சீலர் கையில் ஒட்டும் பதத்தில் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய், பதினெட்டடி நீளம். அன்று மூன்றாவது பட்டைக்கு என்றே கொண்டுவந்து மடித்து வைத்திருந்தோம்.

காற்று முதலில் வந்தது. டர்பன்டைன் டின் உருண்டது. அதைப் பிடிக்க ஓடினேன். படிக்கட்டில் பெண்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. அதன் பிறகு என் நினைவில் இருப்பது, தார்ப்பாய் குர்டையின் மேல் விரிந்து கிடந்ததும், கதமும் காகுவும் கோமதியும் அதன் விளிம்புகளில் ஏறி நின்றதும், சீலர் அடித்த பட்டையில் பெரிய பெரிய துளிகளாக மழை விழுந்ததும்தான்.

பத்து நிமிஷ மழை. நின்ற பிறகு பார்த்தால் மூன்றாவது பட்டை முழுக்க அம்மைத் தழும்புபோல வெள்ளை பூத்திருந்தது. கதம் சொன்னான்: "சாஹேப், சாகன்ல யூனிஃபார்ம் நீலமாம்."

சாயங்காலம் செக்ரட்டரி வந்து பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் டைல்ஸ்காரரின் கொட்டேஷன் அவர் பையில் ஏற்கெனவே இருந்தது. வெள்ளையை ஸ்டீல் உல்லும் டர்பன்டைனும் வைத்து எடுத்துவிடலாம், மூன்று நாள் வெயில் போதும் என்றேன். மழை வாசலில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை

அந்த மீட்டிங்குகளுக்கு ஆண்கள்தான் வருவார்கள். அன்று முன்வரிசை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் கதமும் வாட்ச்மேன் அறை வாசலில் நின்றோம். செக்ரட்டரி கொட்டேஷனை வாசித்து முடித்ததும் குமுத் காகு எழுந்தார். டைல்ஸில் குர்டையைப் போட்டால் அடிப்பக்கம் வேர்க்கும், ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும், மரத்தில் இடுக்கு வழியாகக் கீழே காற்று போவதால் குர்டை இரண்டு பக்கமும் தானாகக் காய்கிறது என்று நிதானமாகச் சொன்னார். பிறகு செக்ரட்டரியைப் பார்த்தார்.

"அந்தத் தார்ப்பாயைப் பலகை மேல போட்டிருந்தா பலகை பிழைச்சிருக்கும். ஆறு வீட்டுக் குர்டை போயிருக்கும். அதுல ஒண்ணு உங்க வீட்டோடது, சாஹேப். வஹினியைக் கேளுங்க."

வஹினி, அதாவது செக்ரட்டரியின் மனைவி, அதே வரிசையில்தான் இருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று நாள் கொடுப்போம் என்று யாரோ பின்னால் இருந்து சொன்னார்கள். அதுவே தீர்மானமாயிற்று.

அந்த மூன்று நாளும் மாடியில் வேறொன்றும் காயவில்லை. கோமதி மட்டும் வந்து வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வராதுங்ண்ணா, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். கதம் ஒவ்வொரு பலகையாக முட்டி போட்டுத் தேய்த்தான். மறுபடி ஒரு கை சீலர். ஜூன் முதல் தேதி அன்று அவன் சாகனுக்குப் போகவில்லை. இரண்டாவது வாரம் பருவமழை பிடித்துக்கொண்டது. தசரா சமயம் செக்ரட்டரியும் நானும் மாடியில் உட்கார்ந்து பார்த்தோம். கறுப்பு இல்லை. கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார். வேலை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும், அதன் பிறகு மாடி வாளவணுக்கு என்ற வரியை அவரே பேனாவால் சேர்த்தார். 2009-இல் நான் தொழிலை நிறுத்தும்வரை அந்த வரி மாறவில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மரத்தளத்தை அளக்க டேப்பை எடுக்குமுன், அதில் யார் உட்காருகிறார்கள், எந்த மாதத்தில், எதற்காக என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுகிறவரிடம் கேட்டால் தெரியாது. மாடிக்கு ஏறிப் போய்க் கேளுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை துலங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தார்ப்பாயைக் குர்டை பக்கம் திருப்பியது யார்? காகுதான் கை காட்டினார் என்றான் கதம். தான் கடைசிப் படி ஏறுமுன்பே அது விரிந்தாகிவிட்டது என்று காகு அடித்துச் சொன்னார். கோமதி சென்னைக்குக் குடிபோகுமுன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "ஒரு முனைய கதம் அண்ணன் புடிச்சாரு, இன்னொரு முனைய நீங்கதானுங்ண்ணா புடிச்சீங்க" என்றாள். அன்று நான் எழுதிவைத்த வேலைக் குறிப்பில் மழை வந்த நேரமும் மூன்றாம் பட்டை கெட்டதும் மட்டும் இருக்கின்றன. பதினெட்டடித் தார்ப்பாயை அந்தக் காற்றில் ஒருவர் தனியாக விரிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் பிடித்தேனா என்பது தெரியாது. உறுதி செய்ய முடியாத தகவலாகவே இதை இங்கே பதிவு செய்கிறேன்.